கம்பியை வெட்டாமல் கரண்ட்டை அளந்த கதை

இந்த வாரம் ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். அழகர்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஐடிஐயில் வயர்மேன் டிரேடு முடித்தவர். வீட்டு வயரிங், தோட்டத்து மோட்டார், சித்திரை வந்தால் மண்டகப்படிப் பந்தல்களுக்கு லைட் கட்டுவது, இதுதான் அவருக்கு வேலை. "அண்ணே, ஒரு டிஜிட்டல் கிளாம்ப் மீட்டர் வாங்கணும். ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கு, பத்தாயிரத்துக்கும் இருக்கு. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு. எதை வாங்குறது?" என்று கேட்டிருந்தார்.

இது ஹிஸ்டரி பாட்காஸ்ட் ஆச்சே, இங்க எதுக்கு இந்தக் கேள்வின்னு நீங்க நினைக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு கிளாம்ப் மீட்டரின் டயலை உற்றுப் பாருங்க. அதில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தது. ஒன்று 1831-ல் இருந்து வருகிறது, ஒன்று 1879-ல் இருந்து. இன்னொன்று நம்ம வீட்டுக் குண்டு பல்பு போய் எல்இடி வந்த பிறகுதான் அவசியமே ஆனது. அந்த வரிசை தெரிந்தால் கடைக்காரர் சொல்வதில் எதைக் கேட்கணும், எதை விடணும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

அதுக்கு முன்னால் ஒரு வார்த்தையைச் சரி பண்ணிக்குவோம். "கரண்ட்."

நம்ம ஊரில் கரண்ட் போச்சு, கரண்ட் வந்துருச்சு என்கிறோம். அங்கே நாம் சொல்வது சப்ளையை, வோல்டேஜை. இன்ஜினியரிங் புத்தகத்தில் கரண்ட் என்றால் ஓட்டம், ஆம்பியர் கணக்கு. இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருப்பது டீக்கடையில் பிரச்சினை இல்லை. போஸ்ட் மரத்துக்குக் கீழே உயிர்ப் பிரச்சினை. கிளாம்ப் மீட்டர் ஒரு வயரைக் கவ்விக்கொண்டு 0.00 என்று காட்டினால் "கரண்ட் இல்ல" என்று நம்ம வாயில் வந்துவிடும். ஓட்டம் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த வயரில் 230 வோல்ட் முழுசாக நின்றுகொண்டிருக்கலாம். லைட் சுவிட்ச் ஆஃபில் இருப்பதால் ஓட்டம் இல்லாமல் இருக்கலாம். தொட்டால் ஓட்டத்துக்கு நாமே வழி ஆகிவிடுவோம்.

அந்தத் தம்பிக்கு நான் சொல்லப்போவது எல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இது ஒன்று நினைவில் இருக்கட்டும். வயரில் சப்ளை இருக்கா என்று பார்க்க வோல்ட் மீட்டர். எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க கிளாம்ப். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

சரி, கதைக்குப் போவோம்.

இடுக்கியும் ஊசியும்

1820-ல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்கிற பேராசிரியர் மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கவனித்தார். ஓடுகிற மின்சாரம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. செய்தி பாரிஸ் போன சில வாரங்களில் ஆம்பியர் என்பவர் அதற்குக் கணக்கு போட ஆரம்பித்துவிட்டார். ஆம்பியர் என்கிற அலகே அவர் பெயர்தான். 1831-ல் ஃபாரடே இதையே திருப்பிப் போட்டார். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் பக்கத்துக் கம்பிச்சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று காட்டினார்.

கிளாம்ப் மீட்டரின் பாதி விஷயம் இந்த இரண்டு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் அதைக் கையில் பிடிக்கிற கருவியாக்க நூறு வருஷம் போல ஆயிற்று.

ஏன் இத்தனை நாள்? ஆரம்பகால ஆம்மீட்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஓட்டம் அதற்குள்ளேயே போகணும். குழாயில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கக் குழாயை அறுத்து நடுவில் மீட்டர் வைப்பது போல. பரிசோதனைச் சாலையில் அது சரி. ஓடிக்கொண்டிருக்கிற மில்லில் முடியுமா? மோட்டாரை நிறுத்தணும், வயரை அறுக்கணும், மீட்டரைச் சேர்க்கணும், திரும்ப ஓட்டணும். அளந்து முடித்த பிறகு மறுபடி நிறுத்தி ஒட்டணும். மில் முதலாளி விடமாட்டார்.

பெரிய சப்ஸ்டேஷன்களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கரண்ட் டிரான்ஸ்பார்மர், சுருக்கமாக சிடி. தடித்த கம்பி ஓர் இரும்பு வளையத்துக்கு நடுவே போகும். வளையத்தைச் சுற்றி மெல்லிய கம்பி நிறையச் சுற்று சுற்றியிருக்கும். உள்ளே 100 ஆம்பியர் ஓடினால் வெளியே 5 ஆம்பியர் வரும், அதை மீட்டரில் காட்டுவார்கள். ஆனால் வளையம் முழு வளையம். கம்பியை அதற்குள் நுழைக்கணும் என்றால் மறுபடி ஒருமுறை அவிழ்த்தாகணும்.

அந்த வளையத்தை இரண்டாக வெட்டி, கீல் வைத்து, கைப்பிடி போட்டால்? இடுக்கி மாதிரி திறந்து, கம்பியை உள்ளே விட்டு மூடிக்கொள்ளலாம். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இடுக்கிக்கு ஆங்கிலத்தில் டாங். அதனால்தான் இன்றைக்கும் மதுரையில் பழைய எலக்ட்ரீஷியன்கள் கிளாம்ப் மீட்டர் என்று சொல்வதில்லை, டாங் டெஸ்டர் என்பார்கள். கடையில் நீங்க டாங் டெஸ்டர் என்று கேட்டுப் பாருங்க, உங்களை வேலை தெரிந்த ஆளாகப் பார்ப்பார்கள்.

இதே காலத்தில் இன்னொரு கருவியும் வந்தது. பிரிட்டிஷ் தபால் துறை இன்ஜினியர் டொனால்ட் மெக்கேடி, லைன் பார்க்கப் போகும்போது மூன்று நான்கு மீட்டர்களைத் தூக்கிக்கொண்டு அலைவது சகிக்காமல், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தார். 1923-ல் ஆவோமீட்டர் சந்தைக்கு வந்தது. இன்றைய மல்டிமீட்டருக்குப் பாட்டன் அதுதான். நம்ம நாட்டிலும் மீட்டர் செய்தவர்கள் உண்டு. 1909-ல் சிந்து மாகாணத்தின் சுக்கூரில் தொடங்கிய மோட்வானே குடும்பத்துக் கம்பெனி, காந்தி, நேரு பேசிய கூட்டங்களுக்கு "சிகாகோ ரேடியோ" என்ற பெயரில் மைக்கும் ஸ்பீக்கரும் போட்டது. பழைய போட்டோக்களில் தலைவர்கள் முன்னால் நிற்கிற மைக்கில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். பெயரில் சிகாகோ, ஆள் சிந்தி. அதே கம்பெனிதான் பின்னால் மல்டிமீட்டரும் செய்தது. இது கதைக்குத் தேவையில்லாத தகவல், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பைக்காரா மதுரைக்கு வந்த வழி

இப்போது நம்ம ஊர். மதுரையில் பழங்காநத்தம் தாண்டிப் பசுமலை போகும் வழியில் பைக்காரா என்று ஒரு இடம் இருக்கு. பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் கத்துவார், இறங்கிப் போவோம். நீலகிரியில் இருக்கிற ஆற்றின் பெயர் மதுரைச் சமவெளியில் எதுக்கு? 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்த மின்சாரம் கோயம்புத்தூர் மில்களுக்குப் போய், பிறகு தெற்கே மதுரை வரை கம்பியில் வந்தது. மின்சாரத்தோடு பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று அடுத்தடுத்து நீர்மின் நிலையங்கள் சேர்ந்தன. 1957 ஜூலை 1-ல் மாநில மின்சார வாரியம் பிறந்தது. நாம் இன்னும் "ஈபி" என்று கூப்பிடுவது அதைத்தான், அதுக்கு எத்தனை தடவை பெயர் மாற்றினாலும்.

வாரியம் வந்த பிறகுதான் மின்சாரம் நிஜமாகவே வயலுக்குள் போனது. அழகர்கோவில், மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய் பாய்கிற இடம் போக மிச்சத்துக்கு எல்லாம் கிணறும் பம்புசெட்டும்தான். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று ஆன பிறகு, பெரும்பாலான தோட்டத்து மோட்டார்களுக்கு மீட்டர் என்ற ஒன்றே இல்லை. பில் இல்லை என்றால் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்பதைச் சொல்ல யாரும் இல்லை. டாங் டெஸ்டர் வைத்திருக்கிற ஆள்தான் சொல்லணும்.

அந்த ஆளிடம் ஒரு வாய்க்கணக்கு இருக்கும். த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு ஹெச்பிக்கு ஒன்றரை ஆம்ப்ஸ். 5 ஹெச்பி என்றால் ஏழரை. மூன்று ஃபேஸையும் தனித்தனியாகக் கவ்விப் பார்ப்பார். 7.4, 7.6, 7.5 என்று வந்தால் மோட்டார் நலம். மூன்றும் ஒன்பது பத்து என்று வந்தால் பேரிங் பிடிக்கிறது. ஒன்றில் பூஜ்யமும் மற்ற இரண்டில் பன்னிரண்டு பதின்மூன்றும் வந்தால் ஒரு ஃபேஸ் செத்துவிட்டது, மோட்டார் மிச்ச இரண்டில் திணறுகிறது. உடனே நிறுத்தாவிட்டால் காயில் கருகும். ரீவைண்டிங் கடைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிற செலவு எவ்வளவு என்று விவசாயி வீட்டில் கேட்டுப் பாருங்க. பத்து நாள் தண்ணீர் இல்லாமல் பயிர் போவது தனிக்கணக்கு.

இந்த வேலைக்கு அந்தக்கால ஊசி வைத்த டாங் டெஸ்டரே போதும். கனமாக, கருப்பாக இருக்கும். இருட்டில் கிணற்று மேட்டில் நின்று அளந்தால் ஊசி தெரியாது என்பதால், ஊசியை அப்படியே பிடித்து வைக்க ஒரு குமிழ் உண்டு. அமுக்கிவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து படிக்கலாம். இன்றைய மீட்டரில் ஹோல்ட் என்று ஒரு பட்டன் இருக்கே, அதனுடைய மூதாதையர் அது.

பந்தலில் மாறிப்போன கணக்கு

அழகர் மதுரைக்குக் கிளம்புகிற வழி உங்களுக்குத் தெரியும். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் விடைபெற்று, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளம், பிறகு வைகை. வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றும் தற்காலிகப் பந்தல், தற்காலிக வயரிங்.

இந்த வெளிச்சத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. தீவட்டியும் திரியும் முதலில். பிறகு தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ். பிறகு குண்டு பல்பு, டியூப் லைட், உபயதாரர் பெயரை டியூப்பில் பாதிக்கு மேல் எழுதி வெளிச்சத்தையே மறைத்த அந்தக் காலம். இப்போது எல்லாமே எல்இடி. சீரியல் செட், பிக்சல் போர்டு, ஆளுயர சாமி உருவம் எல்லாம்.

அப்பன்திருப்பதிப் பக்கம் பல வருஷமாகப் பந்தல் லைட் கட்டுகிற ஒரு அண்ணனிடம் இந்த எபிசோடுக்காகப் பேசினேன். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: "தம்பி, முன்னெல்லாம் நூறு வாட்ஸ் பல்பு பத்து போட்டா ஆயிரம் வாட்ஸ், நாலரை ஆம்ப்ஸ். மனசுலயே கணக்கு முடிஞ்சிரும். இப்ப எல்இடில வாட்ஸைப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஆனா வயர் சுடுது. என் டெஸ்டர் கம்மியாத்தான் காட்டுது. தொட்டா சுடுது."

மீட்டர் கம்மியாகக் காட்டுகிறது, வயர் சுடுகிறது. இந்தப் பிரச்சினைக்குப் பெயர் ஆர்எம்எஸ். இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் எல்லாரும் எழுதி மறந்த சூத்திரம். சூத்திரம் வேண்டாம், விஷயம் இதுதான். ஏசி மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது வயரை எவ்வளவு சூடாக்குகிறது என்பதை வைத்து, அதே சூட்டைத் தரும் நிலையான மின்சாரம் எத்தனை ஆம்பியர் என்று சொல்வதுதான் ஆர்எம்எஸ். நமக்கு வேண்டியது அந்த எண்தான், ஏனென்றால் இன்சுலேஷனை உருக்குவது சூடு.

ஆனால் அதை நேராகக் கணக்கிட மீட்டருக்குள் கொஞ்சம் விலையான சர்க்யூட் வேணும். அதனால் மலிவு மீட்டர் ஒரு குறுக்கு வழி எடுக்கிறது. சராசரியை அளந்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. மின்சாரம் அழகான சைன் அலையாக இருந்தால் இந்த 1.11 மிகச்சரி. குண்டு பல்பு, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் எல்லாம் அப்படி இழுப்பவைதான். பல பத்தாண்டுகள் இந்தக் குறுக்கு வழி யாரையும் ஏமாற்றவில்லை. சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு இது ரொம்பத் தெரிந்த கதை. உள்ளே வரும் டேட்டா இப்படித்தான் இருக்கும் என்று நம்பி எவரோ எழுதிய கோடு, இருபது வருஷம் ஒழுங்காக ஓடும். ஒருநாள் டேட்டா மாறும். கோடு எரர் கூடக் காட்டாது, தப்பான பதிலைத் தைரியமாகச் சொல்லும்.

டேட்டா எப்படி மாறியது? எல்இடி டிரைவர், மொபைல் சார்ஜர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை எல்லாம் மின்சாரத்தை முழு அலையாக இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் லபக்கென்று கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுச் சும்மா இருக்கும். சுலபமான ஒரு கணக்கு: கால்வாசி நேரம் மட்டும் 20 ஆம்பியர் இழுக்கிறது, முக்கால்வாசி நேரம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5. மலிவு மீட்டர் 1.11-ஆல் பெருக்கி ஐந்தரை ஆம்பியர் என்று காட்டும். உண்மையான ஆர்எம்எஸ் 10 ஆம்பியர். சூடு என்பது ஆம்பியரின் இருமடிப் பெருக்கத்தில் வருவதால், நீங்க நினைப்பதைவிட வயர் மூன்று மடங்குக்கு மேல் சூடாகிறது. அண்ணன் கையில் சுட்டது இந்த வித்தியாசம்தான்.

2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தில் மலிவு விலை எல்இடி பல்புகளைக் கொண்டுவந்தது. எல்இடி விலை விழ விழக் குண்டு பல்பு காணாமல் போனது. மின்சாரம் மிச்சமானது, நல்ல விஷயம். ஆனால் வயர்மேன்கள் கையில் இருந்த மீட்டர் மாறவில்லை. இதை யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு உண்டு. ஆகவே மீட்டரின் முகத்தில் "ட்ரூ ஆர்எம்எஸ்" என்று எழுதியிருக்கணும். இல்லாவிட்டால் வேண்டாம். தம்பி, உங்க கேள்விக்கு இதுதான் முதல் பதில்.

இதிலேயே இன்னும் ஆபத்தான ஒன்று இருக்கு: நியூட்ரல். மூன்று ஃபேஸிலும் சமமாக லோடு போட்டால் நியூட்ரலில் ஓட்டம் பூஜ்யம் என்று படித்திருப்போம். குண்டு பல்புக்கு அது உண்மை. எல்இடி இழுக்கும் கோணல் அலையில் 150 ஹெர்ட்ஸ் என்று ஒரு பகுதி, மூன்றாம் ஹார்மோனிக், கலந்திருக்கிறது. மூன்று ஃபேஸிலும் இருந்து வரும் இந்தப் பகுதி நியூட்ரலில் ஒன்றை ஒன்று கழிக்காது, கூட்டிக்கொள்ளும். ஒரு ஃபேஸில் 10 ஆம்பியர், அதில் 50 ஹெர்ட்ஸ் பங்கு 8, 150 ஹெர்ட்ஸ் பங்கு 6 என்று வையுங்க. எட்டின் இருமடியும் ஆறின் இருமடியும் சேர்ந்தால் நூறு, கணக்கு சரி. எட்டுகள் மூன்றும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆறுகள் மூன்றும் சேர்ந்து நியூட்ரலில் 18 ஆம்பியர். ஃபேஸில் 10, நியூட்ரலில் 18!

நம்ம ஊரில் பெரிய லோடுக்கு இழுக்கும் கேபிளுக்குப் பெயரே மூன்றரை கோர். மூன்று ஃபேஸ் முழுசு, நியூட்ரல் பாதித் தடிமன். நியூட்ரலில் கொஞ்சம்தான் ஓடும் என்று நம்பிய காலத்தின் கேபிள் அது. அந்த மெல்லிய நியூட்ரல் சுட்டு, ஜாயின்ட் கருகி, கடைசியில் அறுந்தால் என்ன ஆகும்? "நியூட்ரல் கட்" என்று எல்லாரும் பயப்படுகிற சம்பவம். 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம்கூட ஏறும். ஃபிரிட்ஜ், டிவி, மைக் செட், எது எதெல்லாம் போட்டிருக்கோ அதெல்லாம் புகையும்.

இங்கே மீட்டரைக் குறை சொல்ல முடியாது. நியூட்ரலில் ஓடும் அந்த ஓட்டத்தை மலிவு மீட்டர்கூட ஓரளவு சரியாகத்தான் காட்டும். நியூட்ரலைக் கவ்விப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. பந்தலில் மூன்று ஃபேஸையும் பார்த்துவிட்டு நாலாவது வயரை விட்டுவிட்டு வருகிறோம்.

தண்ணீர் பீய்ச்சும் இடத்தில்

அழகர் வரும்போது பக்தர்கள் தோப்பறையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். அழகு. ஒரு வயர்மேன் கண்ணால் அதைப் பாருங்க: இரும்புக் குழாய்ப் பந்தல், தரையெல்லாம் ஈரம், வெறுங்கால் கூட்டம், டேப் சுற்றிய ஜாயின்ட்.

இங்கே கிளாம்ப் மீட்டரில் ஒரு வித்தை உண்டு. பொதுவாக ஒரே ஒரு வயரைத்தான் கவ்வணும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் போகிற ஓட்டமும் வருகிற ஓட்டமும் அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். இதைத் தெரியாமல் முழு கேபிளைக் கவ்விவிட்டு "கரண்ட் இல்ல" என்று முடிவு பண்ணுபவர்கள் உண்டு, அதைத்தான் ஆரம்பத்தில் எச்சரித்தேன். தெரிந்தே இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் அதுவே சோதனை. பூஜ்யம் வரவில்லை என்றால் போன மின்சாரத்தில் கொஞ்சம் திரும்பி வரவில்லை. பந்தல் குழாய் வழியாகவோ ஈர மண் வழியாகவோ எங்கேயோ கசிகிறது. ஆனால் கவனம்: உயிரைக் காக்கப் போடும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவில் ட்ரிப் ஆகவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சாதாரண கிளாம்ப் மீட்டருக்கு அத்தனை சின்ன எண் கண்ணுக்கே தெரியாது. அதற்கென்று லீக்கேஜ் கிளாம்ப் தனியாக இருக்கு, விலையும் தனி. தம்பிக்கு என் யோசனை, அந்தப் பணத்துக்கு முதலில் பந்தலுக்கு ஒரு நல்ல ஆர்சிசிபி வாங்கிப் போடுங்க. மீட்டர் நீங்க பார்க்கும்போது மட்டும்தான் பார்க்கும். ஆர்சிசிபி ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மீட்டரால் ஆகாததும் உண்டு. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அங்கே எந்த டெஸ்டரும் உதவியிருக்காது. தேர் உயரத்தையும் கம்பி உயரத்தையும் பார்த்து, லைனை ஆஃப் செய்யச் சொல்லிக் கேட்டு நிற்பதுதான் வழி.

டயலில் மிச்சம் இருப்பவை

1879-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர் மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் ஓடும்போது குறுக்கே காந்தத்தை வைத்தால், பக்கவாட்டில் ஒரு சின்ன வோல்டேஜ் உருவாவதைக் கண்டார். எலக்ட்ரான் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கு 18 வருஷம் முன்பு. பல காலம் அது பரீட்சைக் கேள்வியாக மட்டும் இருந்தது. பிறகு செமிகண்டக்டரில் அதே விளைவு பெரிதாகக் கிடைக்கவும் சென்சார் ஆனது.

இது ஏன் வேணும்? ஃபாரடேயின் வித்தை மாறுகிற காந்தப் புலத்துக்கு மட்டும். டிசி மின்சாரம் மாறாது, ஆகவே சாதாரண டாங் டெஸ்டருக்கு அது தெரியாது. பேட்டரி, சோலார், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாம் டிசி. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தபோது அது நமக்கு வேடிக்கை. இப்போது மொட்டை மாடிக்கு மாடி பேனல். இன்னும் நாலு வருஷத்தில் அழகர்கோவில் வயர்மேனும் டிசி லைனைக் கவ்வ வேண்டியிருக்கும்.

இங்கேதான் கடையில் ஏமாறுவார்கள். மலிவு மீட்டரின் டயலில் டிசி என்று எழுதியிருக்கும். அது டிசி வோல்ட், ஒயர் குத்தி அளப்பது. டிசி ஆம்பியர் இல்லை. ஆம்பியர் குறியீட்டுக்குப் பக்கத்தில் நேர்க்கோடும் புள்ளிக்கோடும் இருக்கா, ஜீரோ என்று ஒரு பட்டன் இருக்கா என்று பாருங்க. ஹால் சென்சார் சுற்றுப்புறக் காந்தத்துக்கும் அசையும் என்பதால் அளக்கும் முன் அந்தப் பட்டனை அமுக்கிப் பூஜ்யம் ஆக்கணும். பட்டனே இல்லை என்றால் அது டிசி அளக்காத மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கேட் மூன்று, கேட் நான்கு என்று எழுதியிருப்பது. ஐஇசி 61010 என்ற பாதுகாப்புத் தரத்தில் இருந்து வருகிறது. மீட்டர் எவ்வளவு வோல்ட் தாங்கும் என்பது மட்டும் விஷயமில்லை, போஸ்ட் மரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதும் விஷயம். வீட்டுப் பிளக் பாயின்ட் கேட் இரண்டு. டிபி பாக்ஸ், த்ரீ ஃபேஸ் மோட்டார் கேட் மூன்று. ஈபி மீட்டர், சர்வீஸ் லைன் கேட் நான்கு. 600 வோல்ட் கேட் இரண்டு மீட்டரை 4000 வோல்ட் அதிர்ச்சி கொடுத்துச் சோதிப்பார்கள், நடுவில் 12 ஓம் தடை. கேட் மூன்றுக்கு 6000 வோல்ட், தடை 2 ஓம் மட்டும். வகுத்துப் பாருங்க: 333 ஆம்பியர் எங்கே, 3000 ஆம்பியர் எங்கே. இடி இறங்கின நேரத்தில் கையில் வெடிக்கப்போவது எது என்று புரியும். தோட்டத்து மோட்டார் பார்க்கிறவருக்கு 600 வோல்ட் கேட் மூன்று குறைந்தபட்சம். மீட்டரோடு வரும் ஒயர்களிலும் அது அச்சிட்டிருக்கணும்.

இன்னொன்று துல்லியம். 1970-களின் கடைசியில் இன்டர்சில் கம்பெனியின் 7106 என்ற சிப் வந்தது. அளப்பது, எண்ணாக மாற்றுவது, திரையில் காட்டுவது எல்லாம் ஒரே சிப்பில். ஊசி போய் எண் வந்தது, விலையும் விழுந்தது. கூடவே ஒரு மாயையும் வந்தது. எண்ணாகக் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அட்டையில் "2 சதவீதம் கூட்டல் 5 டிஜிட்" என்று பொடி எழுத்தில் இருக்கும். 200 ஆம்பியர் ரேஞ்சில் கடைசி இலக்கம் 0.1 என்றால் 5 டிஜிட் என்பது அரை ஆம்பியர். நீங்க அரை ஆம்பியர் இழுக்கும் லைனை அளந்தால், பதில் பூஜ்யத்தில் இருந்து ஒன்று வரை எதுவாகவும் இருக்கலாம்! வீட்டு வேலைக்கு 1000 ஆம்பியர் மீட்டரைப் பெருமைக்கு வாங்காதீங்க. 0.01 வரை காட்டும் சின்ன ரேஞ்ச் இருக்கா என்று பாருங்க. இல்லாவிட்டாலும் வழி உண்டு. வயரைக் கிளாம்ப் வாயில் பத்துச் சுற்று சுற்றி, வந்த எண்ணைப் பத்தால் வகுங்க. பழைய டாங் டெஸ்டர்க்காரர்களின் வித்தை, இன்றைக்கும் வேலை செய்யும்.

புளூடூத், டார்ச், டெம்பரேச்சர் இதெல்லாம் இருந்தால் இருக்கட்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அடிக்கிற முதல் இழுப்பைப் பிடிக்கும் இன்ரஷ் வசதி மட்டும் பம்புசெட் வேலைக்கு உண்மையிலேயே உதவும். ஆக தம்பி, ட்ரூ ஆர்எம்எஸ், கேட் மூன்று 600 வோல்ட், டிசி ஆம்பியரும் கவ்வுகிற வாய், சின்ன ரேஞ்ச். கேட்ட இரண்டு விலைக்கும் நடுவில் எங்கேயோ அது கிடைக்கும். கையில் காசு குறைவு என்றால் டிசியை விடுங்க, முதல் இரண்டை விடாதீங்க.

வாங்குகிற அன்றே டவுன் ஹால் ரோட்டுக் கடையிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி, ஃபேஸ் வயரை மட்டும் வெளியே எடுத்த ஒரு எக்ஸ்டென்ஷன். 230 வோல்ட் இருந்தால் 4.35 ஆம்பியர் பக்கம் வரணும். அடுத்து அதே எக்ஸ்டென்ஷனில் கடையில் இருக்கிற எல்இடி சீரியல் செட்டுகளை மொத்தமாகச் செருகி, ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் ஒன்று, மலிவு மீட்டர் ஒன்று, இரண்டாலும் கவ்விப் பாருங்க. இரண்டு எண்ணையும் எனக்கு வாய்ஸ் நோட்டில் அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்தில் போடுறேன்.